லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி: குற்றவாளி யார்?

முதலில் ஒரு சின்ன விளக்கம். நம்ம ஊரில் 'மைலேஜ்' என்றால் லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்பது மட்டும்தான். இங்கே பேசப்போவது அதைப் பற்றி அல்ல, வண்டி மொத்தமாக ஓடித் தீர்த்த தூரத்தைப் பற்றி.

ஒரு பால்காரரிடம் பழைய ஸ்ப்ளெண்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1994-ல் வந்த மாடல், 97.2 சிசி, கிராமத்துச் சாலைகளின் செல்லப்பிள்ளை. தினம் 40 கிலோமீட்டர். ஞாயிறு கிடையாது, தீபாவளி கிடையாது. வருஷத்துக்கு 14,600. ஏழே வருஷத்தில் லட்சம் தாண்டிவிடும். ஐந்து இலக்க மீட்டராக இருந்தால் 99,999-க்கு அப்புறம் பூஜ்யத்தில் ஆரம்பித்து, புது வண்டி மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளும் :)

ஒரு நாள் சைலன்சரில் புகை. இன்ஜினில் கடகட சத்தம். மெக்கானிக் சொல்லும் முதல் வசனம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "லட்சம் ஓடிருச்சுண்ணே.. இனி என்ன இருக்கும்? இன்ஜினை இறக்கிடலாம்."

பாதி உண்மை. மீதி, சோம்பேறித்தனம். காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்கு இது புரியும். இயல்பான நட்டம் என்று ஒன்று, அசாதாரண நட்டம் என்று இன்னொன்று. முதலாவதைச் செலவில் சேர்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். இரண்டாவதுக்குக் காரணம் கண்டுபிடித்தே ஆகவேண்டும். ஒழுங்காகத் தேய்ந்த இன்ஜினும் கெடுக்கப்பட்ட இன்ஜினும் ஒரே மாதிரிதான் புகைக்கும். ஆனால் உள்ளே இருக்கும் தடயங்கள் வேறு.

இதில் காசு எங்கே போகிறது என்றால்.. சிலிண்டரை ஒவ்வொரு முறை போர் போடும்போதும் கொஞ்சம் பெரிய பிஸ்டன் போடவேண்டும். 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என்று நாலு படி. அதற்கு மேல் சிலிண்டரே மாற்ற வேண்டியதுதான். காரணத்தைச் சரி செய்யாமல் பிஸ்டனை மட்டும் மாற்றினால், பல வருஷம் ஓடவேண்டிய ஒரு படி சில மாதத்தில் கரைந்துவிடும். பால்காரருக்கு வண்டி நிற்கும் நாளெல்லாம் பாலும் நிற்கும், அது தனிக்கணக்கு.

இன்ஜினைத் திறக்கும் முன்பே நிறையத் தெரிந்துகொள்ளலாம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆனால் எப்போது வருகிறது என்பதுதான் கேள்வி. ஆக்ஸிலரேட்டரை முறுக்க முறுக்க வந்தால் பெரும்பாலும் ரிங், போர். காலையில் ஸ்டார்ட் செய்ததும் குப்பென்று வந்து பிறகு நின்றால் வால்வ் சீல். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஆக்ஸிலரேட்டரை விட்டு இன்ஜின் பிடிப்பிலேயே இறங்கி, கீழே வந்து முறுக்கும்போது ஒரு மேகம் கிளம்பினாலும் சந்தேகம் வால்வ் சீல் மேல்தான். சீல் போனதற்குப் போய் யாரும் போர் போடத் தேவையில்லை. போடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

இன்னும் சந்தேகமா? ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி கம்ப்ரஷன் அளந்துவிட்டு, அந்தத் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு நன்றாக ஏறினால் ஓட்டை ரிங் பக்கம். ஏறவே இல்லை என்றால் பெரும்பாலும் வால்வ் பக்கம். ஆயிலை வடித்ததும் அதில் ஒரு காந்தத்தை விட்டுப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் துகள் இரும்பு, அதாவது கியர், கிராங்க், கேம் வகையறா. ஒட்டாமல் மினுமினுப்பது அலுமினியமாக இருக்கலாம், பிஸ்டனில் இருந்து வந்திருக்கும்.

சரி, திறந்தாச்சு. இங்கே பெரிய குற்றவாளிகள் இருவர்.

ஒருவர் புழுதி. சிலிண்டரின் மேல் பகுதியில் தேய்மானம் அதிகம், சுவர் முழுக்க மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள், ரிங் பளபளப்பு போய் மங்கிக் கிடக்கிறது என்றால் உள்ளே மண் போயிருக்கிறது. ஏர் ஃபில்டர் கிழிந்திருக்கலாம். ஃபில்டர் புதுசாகவே இருந்தாலும், அதற்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாய் வெடித்திருந்தால் போதும், வண்டி ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு புழுதியைக் குடிக்கும். வெளியே பார்த்தால் தெரியாது, கழற்றி விரலால் மடக்கிப் பார்த்தால்தான் வெடிப்பு வாயைத் திறக்கும். மலிவான சாமான். அதை விட்டுவிட்டுப் போட்ட புது பிஸ்டனும் அதே மண்ணைத்தான் தின்னும்.

இன்னொருவர் ஆயில். அழுக்கு ஆயிலை விட ஆயிலே இல்லாததுதான் அதிகக் கொலை செய்கிறது. இந்த வண்டிகளுக்கு மாற்றும்போது ஊற்றுவதே ஒரு லிட்டருக்கும் குறைவு. அதே ஆயில்தான் கியருக்கும் கிளட்சுக்கும். எச்சரிக்கை விளக்கு கிடையாது. ரிங் லேசாகத் தேய்ந்த வண்டி தினம் கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும், 'போன மாசம்தானே மாத்தினோம்' என்று யாரும் டிப் ஸ்டிக்கைத் தொடுவதில்லை. ஆயில் பம்பிலிருந்து தூரத்தில் இருப்பது ஹெட். ஆகவே கேம், ராக்கர் ஆர்ம் இரண்டையும் முதலில் பாருங்கள். சிராய்ந்து, உரிந்து கிடந்தால் ஆயில் போய்ச் சேரவில்லை. அடுத்து கனெக்டிங் ராடு. பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுவது சகஜம், மேலும் கீழும் ஆடினால் பிக் எண்ட் போச்சு. அந்த இடம் நீலம் பாரித்திருந்தால் ஆயில் இல்லாமல் சுட்டுப் போயிருக்கிறது. கிராங்க் முனையில் கசடைச் சுழற்றி ஒதுக்கும் கிண்ணம் ஒன்று உண்டு. அதற்குள் கிரீஸ் மாதிரி கெட்டியாக அப்பியிருந்தால், ஆயில் மாற்றிய கதையெல்லாம் கதைதான்.

நடுவில் ஒரு அப்பாவி. டேப்பட் சத்தம். சத்தம் வருகிறது என்று கஸ்டமர் புலம்ப, மெக்கானிக் இறுக்கிவிடுவார். வண்டி அமைதியாகிவிடும், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் இடைவெளி இல்லாத வால்வ் முழுசாக மூடாது. மூடாத எக்ஸாஸ்ட் வால்வ் சத்தமே இல்லாமல் கருகும். லேசாக டிக் டிக் என்கிற வண்டியை அப்படியே விட்டுவிடலாம்.

பால்காரர் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. கழற்றிய சாமானை எடைக்குப் போட்டுவிடாமல் செய்தித்தாள் விரித்து வரிசையாக வைக்கச் சொல்லவேண்டும். பிஸ்டன், ரிங், கேம், ராடு, அந்த ரப்பர் குழாய். புது பிஸ்டனுக்குக் காசு கொடுக்கும் முன்னால் ஒரே கேள்வி: "ஏன் போச்சுங்க?" பதில் மறுபடியும் "லட்சம் ஓடிருச்சுண்ணே" என்றே வந்தால், வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த தெரு மெக்கானிக்கிடம் போகலாம்.