விருந்தும் வேலியும்

விடுமுறை மணி ஒலித்ததும் துள்ளுவது மாணவர் உள்ளம் மட்டுமா? ஆசிரியர் உள்ளமும் துள்ளத்தான் செய்கிறது! விழுப்புரத்திலே இரயில் ஏறி, திருச்சி, மணப்பாறை, அய்யலூர், வடமதுரை என்று வண்டி நகர நகர, என் நாவிலே ஊரின் சுவை ஊறத் தொடங்கிவிடும். வறண்ட சமவெளி, அதன் நடுவே தனித்து நிற்கும் பாறை, பாறைமீது கோட்டை, அப்பால் நீலம் படர்ந்த சிறுமலை—திண்டுக்கல் வந்துவிட்டது!

திண்டுக்கல் என்றதும் பிரியாணியைச் சொல்லுவோர் பலர். 1957-ஆம் ஆண்டு இங்கே தொடங்கப்பெற்ற ஓர் உணவகம், சீரகச் சம்பாவின் மணத்தை நாடெங்கும் பரப்பிற்று, மகிழ்ச்சியே. ஆனால் ஊர் திரும்பும் என் நா தேடுவது அதுவன்று. அம்மியிலே அரைத்த மசாலையும் சின்ன வெங்காயமும் மணக்கும் எலும்புக் குழம்பு, கம்பங்களி, மொச்சையும் கருவாடும் சேர்ந்து கொதித்த குழம்பு, உண்டு முடித்ததும் கையிலே ஒரு சிறுமலை வாழைப்பழம்! அந்தப் பழத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு என்பது என் அன்னைக்குத் தெரியாது. மகளுக்குப் பிடிக்கும் என்பது தெரியும். அந்த அறிவுக்கு ஈடு ஏது?

அந்தச் சுவையை நான் மட்டும் நுகர்ந்தால் போதுமா என்று எண்ணி, சென்ற காலாண்டு விடுமுறையிலே, என் பள்ளியில் கணக்குக் கற்பிக்கும் தோழியையும் உடன் அழைத்துச் சென்றேன். ஓராண்டாக அவருடைய சோற்றுப் பெட்டியிலே என் கையும், என் பெட்டியிலே அவர் கையும் புகுந்து பழகியவை. அவர் ஒடுக்கப்பட்ட சமுதாயத்திலே பிறந்தவர் என்பது எனக்குத் தெரியும். அது ஒரு செய்தியாக என் மனத்திலே தங்கியதில்லை.

என் அப்பத்தா அன்போடுதான் வரவேற்றார். "எந்த ஊரு தாயி?" என்றார். தோழி ஊரைச் சொன்னார். "அங்கே எந்தத் தெரு?" என்பது அடுத்த கேள்வி. தமிழ்நாட்டிலே தெருவைக் கேட்பது எதைக் கேட்பது என்று விளக்கிடவும் வேண்டுமோ! தோழி தயங்கவில்லை; தெருவையும் சொன்னார்.

உணவு நேரம் வந்தது. எங்களுக்குத் தட்டு, தோழிக்கு மட்டும் தலைவாழை இலை. விருந்தினருக்குச் செய்யும் சிறப்பு என்றெண்ணி, பேதை நான் பூரித்தேன்! எங்களுக்குச் செம்பிலே தண்ணீர். அவருக்குக் கடையிலிருந்து வாங்கி வந்த காகிதக் குவளை. அப்போதுதான் என் நெஞ்சிலே முள் தைத்தது. கழுவ வேண்டிய பாத்திரம் எதுவும் அவர் கை பட்டதாக இருத்தலாகாது—அதற்காகத்தான் அந்த இலை! விருந்தின் வேடத்திலே வந்து அமர்ந்திருந்தது வேலி.

உண்டு முடித்ததும் அப்பத்தா சொன்னார்: "இலையை எடுத்து வெளியே போட்டுடு, தாயி."

வந்த விருந்தினரை எச்சில் இலை எடுக்கச் சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டிலே என்றும் இருந்ததில்லை. தோழி எழுந்தார், இலையை எடுத்தார், வெளியே சென்றார். அன்னை அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார். நான்? பட்டம் பெற்றவள், பாடம் நடத்துபவள், சமத்துவம் பற்றிப் பேச்சுப் போட்டிக்கு மாணவரைப் பழக்குபவள்—வாய் திறவாமல் அமர்ந்திருந்தேன்.

திரும்பும் வழியிலே தோழி சொன்னது ஒன்றே: "அம்மா வைத்த குழம்பு மிக நன்று." குறை கூறியிருந்தால் என் குற்றம் சற்றே குறைந்திருக்கும்!

தோழர்களே! பந்தியிலே பிரித்து வைத்த கொடுமையை எதிர்த்து எழுந்தது நம் இயக்கம். சேரன்மாதேவி குருகுலத்திலே பார்ப்பன மாணவர் இருவருக்குத் தனிப் பந்தி என்ற செய்தி, 1924-25-ஆம் ஆண்டுகளிலே தமிழகத்தையே குலுக்கிற்று. பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறியது 1925-இல்; அதற்கு முன்னரே அவர் நெஞ்சைச் சுட்ட நெருப்புகளுள் ஒன்று அந்தப் பந்தி. 1920-இல் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியிலே நீதிக்கட்சியினரின் முயற்சியால் தொடங்கிய உணவு, 1956-இல் காமராசரால் பரவி, 1982-இல் எம்.ஜி.ஆரால் சத்துணவாக விரிந்து, 2022-இல் காலை உணவாகவும் வளர்ந்தது. பசி தீர்க்க மட்டுமா இவை? பக்கத்திலே யார் என்று கேளாமல் பிள்ளைகள் ஒரே வரிசையிலே அமர்ந்திடவும் அன்றோ! எனினும், 2018-இல் திருப்பூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலே, சத்துணவு சமைத்த பெண்ணின் சாதியைக் காட்டிச் சிலர் எதிர்த்தனர். பள்ளிக்குள் ஒரே பந்தி அமைத்திடச் சட்டத்தால் முடிகிறது. வீட்டு அடுக்களைக்கு எந்தச் சட்டம் வரும்? அங்கே செல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

அரையாண்டு விடுமுறைக்குத் தனியே சென்றேன். அன்னை தட்டு வைத்தார். "எனக்கும் இலை போடுங்கள் அம்மா" என்றேன். தோழி அமர்ந்த இடத்திலேயே அமர்ந்தேன். காகிதக் குவளையிலே நீர் அருந்தினேன். முடிவிலே இலையை நானே எடுத்து வெளியே எறிந்தேன். அன்னையின் கண் கலங்கிற்று. "நான் என்ன செய்யட்டும், தாயி? அக்கம்பக்கம் என்ன சொல்லும்?" என்றார்.

அன்றுதான் மற்றொன்றையும் கண்டேன். எங்களுக்கெல்லாம் தட்டு வைக்கும் அன்னைக்கு ஒரு தட்டு இல்லை! எல்லோரும் உண்டபின், அடுக்களை மூலையிலே, குழம்புச் சட்டியிலே சோற்றைப் பிசைந்து உண்பதே அவர் வழக்கம். வரிசையிலே கடைசியாக நிறுத்தப்பட்டவரையே வேலிக்குக் காவலாக வைத்திருக்கிறது வைதீகம்! இதனினும் பெரிய சூழ்ச்சி உண்டோ?

என் தந்தை நாகல் நகரிலே பூட்டுத் தொழிலாளி. 2019-இல் புவிசார் குறியீடு பெற்றதே திண்டுக்கல் பூட்டு—அதை அரத்தால் தேய்த்துத் தேய்த்துக் கை காய்த்தவர், அதிகம் பேசாதவர். அன்று பேசினார்: "நான் செய்த பூட்டு எத்தனையோ வீட்டு வாசலிலே தொங்குது. என்னோட எல்லாச் சாதிக்காரனும்தான் பட்டறையிலே உட்கார்ந்து வேலை செய்யறான். பூட்டை யார் தொட்டதுன்னு எந்த வீடும் கேட்டதில்லை. தட்டை மட்டும் ஏன் கேட்கணும்?"

எந்த மேடையிலும் நான் கேட்டிராத சொற்பொழிவு அது!

கோடை விடுமுறையிலே தோழி மீண்டும் வந்தார். வருவாரோ என்று அஞ்சினேன். வந்தார்—அது அவருடைய பெருந்தன்மை. அன்னை தட்டுகளை எடுத்து வைத்தார். எண்ணினேன்: ஐந்து. தந்தைக்கு, அப்பத்தாவுக்கு, எனக்கு, தோழிக்கு, ஐந்தாவது எவருக்கு? அன்னை எங்களோடு அமர்ந்தார்! அப்பத்தா மட்டும் அன்று உண்ண வரவில்லை. அவர் தட்டு காலியாகவே இருந்தது. அன்று மாலை, தோழியின் கையிலே அவர் ஒரு வாழைப்பழம் கொடுத்தார். விரல் படாமல்தான் கொடுத்தார். எண்பது ஆண்டுப் பூட்டு ஒரே நாளிலே திறந்திடுமா? ஆனால் கொடுத்தார்.

விடுமுறைக்கு ஊர் திரும்பும் தோழர்களே! அன்னையின் கைமணத்தைப் புகழுங்கள், வயிறார உண்ணுங்கள். உண்ணுமுன் ஒருமுறை அடுக்களைக்குள் சென்று பாருங்கள்: எவருக்காகவோ தனியே கவிழ்த்து வைத்த குவளை ஒன்று அங்கே இருக்கிறதா? அன்னைக்கென்று ஒரு தட்டு இருக்கிறதா? முதலாவதை அகற்றுங்கள், இரண்டாவதை வாங்கிக் கொடுங்கள். அதன்பின் உண்ணும் சோற்றின் சுவையே தனி!