பிடி அரிசிக் கணக்கு

பி.காம். படித்தவனுக்கு எங்கள் சூலூரில் ஒரு தனி மரியாதை. வருமான வரியிலிருந்து மாரியம்மன் நோன்பி வசூல் வரை எல்லாக் கணக்கு நோட்டும் அவன் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். காபி கிடைக்கும். கூலி? மூச்!

அப்படி வந்த நோட்டுகளில் ஒன்று, ஒரு சின்ன ஜெபவீட்டினுடையது. தகரக் கூரை, பாய் விரித்த தரை, சபையில் முக்கால்வாசிப் பேர் தறி ஓட்டுகிறவர்கள். நான் சர்ச்சுக்குப் போகிறவன் அல்ல. கூட்டல் கழித்தலுக்கு மதம் ஏது? புரட்டினால், வாரா வாரம் ‘அரிசி’ என்று ஒரு வரவு.

“உலையில போடறதுக்கு முன்னால ஒரு பிடி எடுத்துத் தனியா வெச்சுருவமுங்க தம்பி. ஞாயித்துக்கெழமை கொண்டாந்து எடை போட்டு, நாங்களே வாங்கிக்குவோம்” என்றார் ஒரு அம்மா.

“உங்க அரிசியை நீங்களே காசு குடுத்தா?”

“ஆமாங்க. ஊழியக்காரருக்குச் சம்பளம் வேணுமில்லீங்க?”

எனக்குக் காஸ்ட் அக்கவுண்டிங் நடத்திய வாத்தியார் இதைக் கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

அந்தச் சமயம் சபைக்குள் ஒரு இழுபறி. வெளியூர்க்காரர் ஒருவர் கான்கிரீட் கட்டடமும், படித்த போதகர் ஒருவரையும் தருவதாகச் சொல்லியிருந்தார். பாதிப் பேருக்குச் சந்தோஷம். மீதிப் பேர், “நம்ம தறிக்காரப் பையனையே வேதம் படிக்க அனுப்பலாம்” என்று நின்றார்கள். நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போன என்னிடமே நியாயம் கேட்டார்கள்!

எனக்கு வேதநாயகம் சாமுவேல் அசரியா ஞாபகம் வந்தார். திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த போதகர் மகன். 1902-ல் யாழ்ப்பாணம் போனவர், அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் ஊழியர்களை அனுப்புவதைப் பார்த்தார். ரோஷம் வந்துவிட்டது. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆளும் நம்ம ஆள், காசும் நம்ம காசு, நிர்வாகமும் நம்முடையதே. நிஜாம் சீமையில் இருந்த தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள். 1909-ல் அசரியாவே தெலுங்கு கற்றுக்கொண்டு அங்கே போய்விட்டார்.

அடுத்த வருஷம் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. முப்பத்தைந்து வயது அசரியா மேடையேறி, வெள்ளைக்கார மிஷனெரிகள் எங்களுக்காக எல்லாம் தருகிறார்கள், சிநேகத்தைத் தவிர என்ற பொருளில் பேசினார். பணம் கொடுக்கிறவர் துரையாகவும், வாங்குகிறவர் சம்பளக்காரராகவும் நிற்கிற வரை சிநேகம் எங்கிருந்து வரும்? கூடியிருந்தவர்களில் பலருக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் 1912 டிசம்பர் 29 அன்று, கல்கத்தாவில் ஆங்கிலிகன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றவர் அவரேதான்.

அவருடைய ஜனங்கள் யார்? பெரும்பாலும் மாலா, மாதிகா கூலிகள். எழுத்தே தெரியாதவர்கள். அவர்களுக்குள்ளிருந்தே கிராம உபதேசியார்களைத் தயார் செய்தார். புருஷனுக்கு மட்டும் பாடம் இல்லை, பெஞ்சாதிக்கும் சேர்த்து! ஞானஸ்நானம் பெறுகிறவரைத் தலையில் கை வைத்து, ‘நற்செய்தி சொல்லாமல் போனால் எனக்கு ஐயோ’ என்று சொல்லச் சொல்வாராம். வந்த அன்றைக்கே வேலை!

பிடி அரிசியும் லேசுப்பட்டதல்ல. மிசோரத்தில் 1910-ல் பெண்கள் தொடங்கிய இதே வழக்கம் இன்று அங்குள்ள சபைக்குக் கோடிகளில் வருமானம் தருகிறது.

“பையனை அனுப்புங்க” என்றேன்.

“அவன் போனா அவங்கூட்டுக்குத் தறிக்கூலி நின்னு போயிருமேங்க” என்றார் அதே அம்மா. இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத நஷ்டம். அன்றே முடிவானது: இன்னொரு பிடி அரிசி, அந்த வீட்டுக்கு.

“அப்ப கட்டடம்?” என்று ஒரு பெரியவர் முணுமுணுத்தார். தோர்ணக்கல்லிலும் கட்டினார்கள், ஐயா. கோயில் வேலைப்பாடும் மசூதி வேலைப்பாடும் கலந்த பேராலயம். பிரதிஷ்டை ஆனது 1939 ஜனவரியில். அசரியா பேராயராகி அதற்குள் இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது.