கண்டி வீதியில் கேட்ட ஓசை

கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் 321 கிலோமீற்றர் நீளமான கண்டி வீதியின் வடபாகத்தைப் பேருந்திலே நாம் பலமுறை கடந்திருக்கிறோம். சன்னலோரத்திற் சாய்ந்து கண்ணயர்ந்தால் வவுனியாவிலே விழித்துக் கொள்ளலாம். மோட்டார்ச் சைக்கிளிற் சென்றபோதுதான் அவ்வழி எம்மைக் காது கொடுத்துக் கேட்கவும் செய்தது.

மறுநாட் காலை வவுனியாவில் எமது மருமகனுக்கு நேர்முகத் தேர்வு. தந்தையை இழந்த பிள்ளை அவன். அவனுடைய தாயாகிய எமது தங்கை, தன் காப்புகளை அடைவு வைத்து அந்தப் பழைய வண்டியை வாங்கிக் கொடுத்திருந்தாள். மாலை வேளைகளில் அதிலே ஊரூராகச் சென்று பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்தே அவன் வீட்டுச் செலவுக்கு உதவி வந்தான். அது வெறும் வண்டியன்று. அக்குடும்பத்தின் உலைக்கு அரிசி.

காலையிற் புறப்பட்டோம். சாவகச்சேரி, கொடிகாமம், பளை என ஊர்கள் பின்னே சென்றன. பனைகள் குறைந்து வெளி விரிந்ததும் ஆனையிறவு. குடாநாட்டை வன்னிப் பெருநிலத்தோடு பிணைக்கும் அந்த ஒடுங்கிய நிலத்தில், இருபுறமும் நீரேரி பளபளக்கச் சோளகக் காற்று எம்மைப் பக்கவாட்டிலே தள்ளியது. அருகே இரும்புப் பாதை. 1990ஆம் ஆண்டில் நின்றுபோன யாழ்தேவி, 2014ஆம் ஆண்டு அக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கிய பாதை அது.

பரந்தனைத் தாண்டியதும் அந்த ஓசை கேட்டது. ‘டிக், டிக்’ என்று, சுவர்க் கடிகாரத்துக்குப் பேய் பிடித்தாற் போன்ற விரைவில்.

“மாமா, உங்களுக்கும் கேட்கிறதா?” என்றான் மருமகன். கேட்டது. ஆயினும் காற்றின் மேற் பழியைப் போட்டு இன்னும் சில கிலோமீற்றர் சென்றோம். கிளிநொச்சியைக் கடந்தபோது ஓசை வளர்ந்திருந்தது. பெற்றோலிற் கலப்படம் என்றோம். வண்டியை விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்றோம். மருமகன் மட்டும் வாய் திறக்கவில்லை.

முறிகண்டியில் நின்றோம்

முறிகண்டிப் பிள்ளையாரைக் கடந்து செல்லும் வாகனம் நின்று செல்வதே வழக்கம். கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்து, கச்சான் சுருளொன்றும் வாங்கிய பின்னரே பிரயாணிகள் மேலே செல்வர். அன்று எமது வேண்டுதலுக்குக் காரணமும் இருந்தது.

அண்மையில் மோட்டார்ச் சைக்கிள் திருத்தும் கொட்டில் ஒன்று. அங்கிருந்த முதியவர் வண்டியைத் தொடவில்லை, கேள்விகளையே தொடுத்தார்.

“காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சத்தம் இருந்ததா? பாரம் இழுக்கும்போது கூடுகிறதா? நிறுத்தி வைத்து முறுக்கினாலும் கேட்கிறதா?”

நிறுத்தி வைத்தாலும் கேட்டது. அப்படியானால் சில்லிலும் சங்கிலியிலும் பிழையில்லை என்று அவற்றைத் தள்ளினார். கிளச்சை அழுத்திப் பார்த்தார், ஓசை மாறவில்லை. எண்ணெயைக் கோலிட்டுப் பார்த்தார், அளவு சரி. சைலன்சர் எஞ்சினோடு சேருமிடத்திற் புகைக்கரி படிந்திருக்கிறதா என்று நோக்கினார். அவ்விடத்திற் காற்றுக் கசிந்தாலும் இதே போலத்தான் ‘டிக், டிக்’ எனக் கேட்குமாம். கரி இல்லை.

பின்னர் நீண்ட ஸ்குறூ டிறைவர் ஒன்றின் பிடியைக் காதோடு வைத்து, நுனியை ஓடும் எஞ்சினில் ஊன்றினார். வைத்தியர் மார்பிலே குழாய் வைத்துக் கேட்பது போலவே இருந்தது. பிறகு எம்மையும் கேட்கச் செய்தார். அடிப்பாகத்தில் சீரான உறுமல் மட்டுமே. மேல்மூடியில் ஊன்றியதும் ஓசை செவியைக் குத்தியது.

“அடியிலிருந்து கனத்த ‘டொக், டொக்’ வந்து, பாரத்தோடு கூடினால் கனெக்டிங் றொட் போய்விட்டது என்று பொருள். அப்படியானால் இங்கிருந்து ஓர் அடிகூட ஓடவிட மாட்டேன். இது மேலே, மெல்லிய சத்தம். எஞ்சின் இரண்டு முறை சுற்றினால் ஒரு முறைதான் தட்டுகிறது. வால்வின் வேகம் அதுதான்” என்றார் முதியவர். பிறகு மருமகனை நோக்கி, “தம்பி, வால்வு இடைவெளி ஒரே நாளில் இப்படி விரியாது. கடைசியாக யார் கை வைத்தது?” என்று கேட்டார்.

மருமகன் தலை கவிழ்ந்தான்.

“நான்தான் ஐயா. முந்தநாள். கூலியை மிச்சம் பிடிக்கலாம் என்று...”

பரந்தனிலிருந்து அவன் காத்த மௌனத்தின் பொருள் அப்போதுதான் எமக்கு விளங்கியது. தாயின் காப்புகள் அவன் நெஞ்சை அழுத்தியிருக்க வேண்டும்.

முதியவர் கடிந்துகொள்ளவில்லை. “சொன்னது நல்லது. பாதி வேலை முடிந்தது. இனி எஞ்சின் ஆறட்டும், சூட்டோடு அளந்தால் அளவு பிழைக்கும்” என்றார்.

ஆறும் வரை

ஒரு மணி நேரத்துக்கு மேலாகக் காத்திருந்தோம். கச்சானை உடைத்தபடியே, ஓசைகளை எங்கு பயின்றீர்கள் என்று வினவினோம்.

“பெற்றோல் வராத 1990களில்” என்றார். அக்காலத்தில் வடபகுதி வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றரிற் சில துளி பெற்றோலைப் பீச்சி எஞ்சினை இயக்கிவிட்டு, பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்கத்தில் அது காலந்தப்பித் தீப்பற்றும்போது, தகரத்திற் கல்லெறிந்தாற் போல எஞ்சின் அலறுமாம். “உதிரிப்பாகம் கிடையாது. கெடுமுன் கேட்டறிந்தவன் வண்டிதான் ஓடியது.”

எஞ்சின் ஆறியது. மூடியைக் கழற்றியதும் பிழை கண்முன்னே நின்றது. வால்வை அழுத்தும் திருகாணியைப் பூட்டி வைக்கும் நட் தளர்ந்து, திருகாணி மெல்ல மெல்லப் பின்வாங்கியிருந்தது. நட் கழன்று உள்ளே விழுந்திருந்தால் எஞ்சினே சிதைந்திருக்கும்.

இரு வால்வுகளும் மூடியிருக்கும் நிலைக்கு எஞ்சினைச் சுற்றி வைத்தார். இத்தகைய சிறு எஞ்சின்கள் பலவற்றில் அவ்விடைவெளி ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கினும் குறைவு. மெல்லிய உருக்குத் தகட்டை நுழைத்து, அது சற்றே பிடித்து வழுகுமாறு திருகாணியைச் சரிசெய்தார். பிறகு மருமகனின் கையிலேயே சாவியைக் கொடுத்தார்.

“ஒரு கையால் திருகாணியை அசையாமற் பிடி, மறு கையால் நட்டை இறுக்கு. இறுக்கிய பின் இன்னொரு முறை அள. சத்தம் வேண்டாம் என்று அளவுக்கு மேல் நெருக்கியும் விடாதே. தளர்ந்த வால்வு சத்தமிட்டுச் சொல்லும். நெருங்கிய வால்வு சொல்லாமலே எரிந்துபோகும்.”

இரண்டாம் முறை அளந்தபோது மருமகனின் கை நடுங்கவில்லை. எஞ்சினை இயக்கினான். கொட்டிலிற் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை; எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம். ‘டிக், டிக்’ மறைந்திருந்தது. பெரியவர் வாங்கிய கூலி மிகச் சொற்பம்.

மாங்குளம், புளியங்குளம், ஓமந்தை ஆகிய ஊர்களைக் கடந்து, வெயில் தாழுமுன் வவுனியாவை அடைந்தோம். வழியில் மருமகன், “வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் நானே சொல்லிவிடுகிறேன், மாமா” என்றான். வண்டி சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவன் மெல்லச் சொன்ன சொல்லும் எமக்குத் தெளிவாகவே கேட்டது.