ஆழத்தின் அடுப்புகள்

இந்தியப் பெருங்கடலின் நடுவே ஓடும் மலைத்தொடரில், ஏறத்தாழ 4,500 மீட்டர் ஆழத்தில் கனன்றுகொண்டிருக்கும் வெந்நீர் ஊற்று ஒன்றை நம் நாட்டு ஆய்வாளர் 2024 டிசம்பரில் முதன்முதலாகப் படம் பிடித்தனர். சென்னையின் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் இப்பணியில் முன்நின்றது. புதுவைக் கடற்கரைச் சாலையில் உலவுவோர் பலருக்கு இச்செய்தி எட்டியிராது. நம் பங்கில் ஒரு வீட்டுக்கு எட்டியது.

“சாமி, வேதியியல் படிக்கிற எம்மக, உயிரே அந்த ஊற்றுலதான் உண்டாச்சுங்கறா. பூசைக்கும் வர்றதில்ல. நீங்கதான் எடுத்துச் சொல்லணும்” என்றார் ஒரு தாய். சொல்வதற்குமுன் கேட்போம் என்று மகளை அழைத்தோம்.

அவள் கூற்றில் பொருள் இருந்தது. 1977இல் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே இத்தகைய ஊற்றுகள் கண்டறியப்பட்டன. கதிரொளி புகாத அவ்விருளில், கந்தகச் சேர்மங்களிலிருந்து ஆற்றல் பெறும் நுண்ணுயிர்களை அண்டிப் புழுக்களும் சிப்பிகளும் மொய்த்திருந்தன. ஆயினும் 350 பாகைக்கும் மேலாகக் கொதிக்கும் கரும்புகை ஊற்றுகளில் நுண்ணிய மூலக்கூறுகள் சிதைந்துவிடும். ஆகவே பலருடைய கருத்து, 2000ஆம் ஆண்டில் அட்லாண்டிக் கடலடியில் கண்ட ‘இழந்த நகரம்’ என்னும் வெண்ணிற ஊற்றுகளின்பால் திரும்பியது. அங்கே நீரும் பாறையும் வினைபுரிந்து ஹைட்ரஜன் பிறக்கிறது. வெப்பமோ 40 முதல் 90 பாகையே. அவ்வூற்றுநீர் காரத்தன்மை உடையது; பண்டைக் கடலோ சற்று அமிலத்தன்மை உடையதாயிருந்திருக்கலாம். இரண்டையும் பிரிக்கும் நுண்துளைச் சுவர்களை நம் உயிரணுவின் சவ்வோடு ஒப்பிடுகின்றனர். எனினும் அங்கே உயிர் பிறந்ததென எவரும் மெய்ப்பிக்கவில்லை. நீரே நீள்சங்கிலி மூலக்கூறுகளை அறுத்துவிடும் என்று கூறி, காய்ந்து நனையும் நிலக்குட்டைகளை நாடுவோரும் உளர். இதையும் அவளே சொன்னாள்.

இலங்கையின் காலியில் பிறந்த சிரில் பொன்னம்பெரும 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பட்டம் பெற்று, பின்னர் வேதியியலுக்குச் சென்றவர். மர்ச்சிசன் விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருப்பதை அவர் குழு 1970இல் வெளியிட்டது. குருமடத்தில் மெய்யியல் கற்று அத்துடன் நின்றுவிட்ட நமக்கு அவர்மீது சிறிது பொறாமை உண்டு!

மெய்ப்பிக்கப்படாத இடைவெளியில் இறைவனைக் கொண்டுபோய் நிறுத்த நாம் விரும்பவில்லை. நாளை ஓர் ஆய்வகம் அதை அடைத்துவிட்டால் அவர் எங்கே செல்வார்? தொடக்க நூலில் இறைவன் நீரை நோக்கியே உயிர்களைப் பிறப்பிக்கப் பணிக்கிறார். காலப்போக்கில் விரியும் வித்துகளைப் படைப்பினுள் இறைவன் வைத்தார் என்று புனித அகுஸ்தினார் எழுதிப் பதினாறு நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. இவற்றை அவளிடம் சொன்னோம். மறுமொழி இல்லை.

வெளியே காத்திருந்த தாயிடம், மகளையே விளக்கச் சொல்லிக் கேட்குமாறு கூறினோம். அடுத்த ஞாயிறு பூசைக்கு அவள் வரவில்லை. புதன்கிழமை மாலை வந்தாள், அகுஸ்தினாரின் அந்நூல் கிடைக்குமா என்று கேட்டு.