மயிலிறகும் ஈசலும்

வற்றாத நதி ஒன்றும் பாயாத புதுக்கோட்டைச் சீமையில், வானத்திலிருந்து விழுகிற நீரைக் கரைகட்டித் தேக்கி, அதை நம்பியே தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டும் குடித்தும் மீன்பிடித்தும் வாழ்ந்துவந்திருக்கிற ஊர்களுள், பெயரிலேயே குளத்தைத் தாங்கி நிற்பது குளத்தூர். முன்னொரு காலத்தில் தொண்டைமான் மரபின் கிளையினர் தனிப் பாளையமாக ஆண்ட அந்த ஊருக்கு, ஐப்பசி மாதத்தில், இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை வேளையில், கீரனூரிலிருந்து பஸ் ஏறிப் போனேன். நான் தேடிப்போனது சரித்திரத்தை அல்ல. தமக்கு வேண்டிய தூண்டிலைக் கழியிலிருந்து முள்வரை தாமே கட்டிக்கொள்ளுகிற ஒரு முதியவரை.

இந்த ஆசை எனக்குப் புத்தகங்களிலிருந்து வந்தது. சென்னை மாகாணத்து சிவில் சர்வீஸில் உத்தியோகம் பார்த்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற துரை, இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி 1873ஆம் ஆண்டில் ஒரு பெரிய நூலும், ஏரி குளங்களில் தூண்டிலிடுவதைப் பற்றி மட்டுமே 1887ஆம் ஆண்டில் தனியாக ஒரு நூலும் வெளியிட்டார். மேல்நாட்டார் இறகையும் நூலையும் முள்ளிலே சுற்றிப் பொய்ப்பூச்சி கட்டி மீனை வசப்படுத்துகிற வித்தையை அத்தகைய நூல்களில் படித்தபோதெல்லாம், நம் குளக்கரையில் உட்கார்ந்திருக்கிறவனுடைய விரல்களிலும் அதற்கு ஈடான ஒரு ஞானம் இருந்தே தீரவேண்டும் என்று என் மனம் சொல்லிக்கொண்டே இருந்தது.

முதியவர் கரைமேட்டில் ஒரு வேப்பமரத்தடியில், கோணிச்சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய பேரன், கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வந்திருக்கும் பிள்ளை, கையில் ஏதோ நுணுக்கமான வேலையாக இருந்தான். "வாங்க தம்பி, மழ விட்டதும் வருவீகன்னு நெனச்சேன்" என்று என்னை அழைத்து உட்காரவைத்த பெரியவர், முதலில் காட்டியது கழியை. உள்ளே பொந்து இல்லாத கல்மூங்கிலாகப் பார்த்து வெட்டி, நிழலிலே உலர்த்தி, கணுக்களைச் சீவி, எண்ணெய் தடவி இளந்தீயில் வாட்டி, வளைந்த இடங்களை முழங்காலில் கொடுத்து நிமிர்த்தி எடுத்த அந்தக் கழி, அடியிலே உறுதியாகவும் நுனியிலே நாணல்போல் துவளுவதாகவும் இருந்தது. நுனியைப் பிடித்து வளைத்து அவர் விட்டபோது அது விர்ரென்று எழும்பி நின்ற காட்சியில், எனக்குக் குறுந்தொகையின் 54ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. காட்டு யானை வளைத்துப் பிடித்திருந்த பச்சை மூங்கிலைக் கைவிட்டதும் அது மேலே கிளம்புவதை, மீனைக் கவ்விக்கொண்டு கிளம்புகிற தூண்டிலுக்கு ஒப்பிட்ட அந்தப் புலவரின் இயற்பெயர் மறைந்துபோய், மீனெறி தூண்டிலார் என்று அவருடைய உவமையே அவருக்குப் பெயராகிவிட்டது. குளக்கரையில் உட்கார்ந்து கழி நிமிர்வதைக் கண்ணாரப் பார்த்த ஒருவரே அப்படிப் பாடியிருக்க முடியும் என்பது என் அபிப்பிராயம்.

முள் கட்டுகிற வேலைக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் ஒரு நிமிஷம்கூட இராது. தங்கூசியை முள்ளின் தண்டோடு சேர்த்துப் பிடித்து, ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, நுனியைச் சுற்றுக்குள்ளே நுழைத்து, இறுக்குவதற்கு முன்னால் முடிச்சை வாயில் வைத்து எச்சிலால் நனைத்தார். இது வெறும் பழக்கம் என்று எண்ணியிருந்த எனக்கு அதன் காரணத்தையும் அவரே சொன்னார். உலர்ந்த தங்கூசி தன்மேல் தானே உராயும்போது சூடேறி நைந்துபோகும். நைந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. பெரிய மீன் இழுக்கும் அன்றைக்குத்தான் தெரியும். நைலான் வருவதற்கு முன்னால் பருத்தி நூலை முறுக்கிப் பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறவைத்து உலர்த்துவார்களாம். அதன் துவர்ப்பு ஏறிய நூல் தண்ணீரில் சீக்கிரம் மக்காது. அந்த வேலையைத் தம் தகப்பனாரோடு சேர்ந்து செய்ததைச் சொல்லும்போது, அவர் விரல்கள் இல்லாத நூலை முறுக்குவதுபோல் தாமாகவே அசைந்தன.

ஆனால் என் உள்ளத்தை முழுவதும் கவர்ந்தது தக்கைதான். மயிலிறகின் தோகையை உருவி எறிந்துவிட்டு, அதன் வெண்மையான அடித்தண்டில் நாலு விரற்கடை நறுக்கி, தங்கூசியில் கோத்துக் கட்டியிருந்தார். மேற்கே விராலிமலையில் முருகன் கோயிலைச் சுற்றி மயில்கள் கூட்டங்கூட்டமாகத் திரிவது பிரசித்தம். (விரால் மீனுக்கும் அம்மலைக்கும் சம்பந்தமில்லை, விராலிச் செடியால் வந்த பெயர் என்பார்கள்.) இப்போது குளத்தூர் வயல்களிலும் மயிலுக்குப் பஞ்சமில்லை. 1963ஆம் ஆண்டில் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்டு, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுகிற அந்தப் பறவை, தானாக உதிர்த்த இறகை மட்டுமே அவர் வரப்போரங்களில் பொறுக்கிச் சேர்த்து வைக்கிறார். உள்ளே நெட்டிபோல் லேசாகவும் வெளியே நீர் ஊறாத வழவழப்போடும் இயற்கை செய்து கொடுத்த அந்தத் தண்டைப் போல, மீன் மூச்சு விட்டால்கூட அறிவிக்கிற தக்கை வேறு இல்லை என்பது அவருடைய சித்தாந்தம்.

அதை அவர் வாசிக்கிற விதத்தைப் பிரத்தியட்சமாகவே கண்டேன். தக்கை விட்டுவிட்டுச் சிலிர்த்தால் பொடிக்கெண்டை புழுவின் நுனியைக் கொறிக்கிறது. அதற்குக் கழியைத் தூக்கினால் வெறும் முள்தான் வரும். ஒரே பக்கமாக மெல்ல நகர்ந்துகொண்டே போனால் அடியிலே கெளுத்தி. கழற்றும்போது விலாமுள் கையில் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு கொத்துக் கொத்திவிட்டுத் தக்கை படுத்தால் ஜிலேபி, இரையை வாயில் எடுத்துக்கொண்டு மேலே வருகிறது என்று பொருள். ஈயத்தின் பாரம் நீங்கினதால்தான் தக்கை சாய்கிறது. 1952ஆம் ஆண்டில் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மீன், அவருடைய பால்யத்துக்குப் பிறகே இந்தக் குளத்துக்கு வந்து சேர்ந்தது; அதன் கொத்தைப் படிக்கத் தமக்கு இரண்டு கோடை பிடித்தது என்றார்.

விராலுக்குத் தக்கையே வேண்டாம். அது காற்றைக் குடிப்பதற்காக அடிக்கடி நீர்மட்டத்துக்கு வருகிற மீன். அல்லி இலைகளுக்கு இடையே சிறு தவளையைக் கோத்துத் தத்தவிட்டால் ஒரே பாய்ச்சலில் கவ்வும். "அப்ப இன்னைக்கு விரால் பிடிக்கலாமா ஐயா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் கோரைப்புல் ஓரத்தைக் காட்டினார். அங்கே நீர்மட்டத்தில் செந்நிறமான ஒரு திட்டு கொதிப்பதுபோல் நகர்ந்துகொண்டிருந்தது. விரால் குஞ்சுகள். அவற்றின் கீழே தாய்தகப்பன் காவலிருக்கும். குஞ்சுகளின் பக்கத்தில் எது விழுந்தாலும், பசியாலன்றிக் கோபத்தால் பாய்ந்து கவ்வும். "இப்பப் பிடிக்கிறது ரொம்பச் சுளுவு தம்பி. அதனாலதான் பிடிக்கப்படாது" என்றார். கோடையில் நீர் வற்றி, ஊரே ஊத்தாவும் வலையுமாக இறங்குகிற மீன்பிடித் திருவிழாவில் சேற்றிலிருந்து அள்ளப்போகிற விரால் எல்லாம், இன்று விட்டுவைத்த இந்தச் செந்நிறத் திட்டிலிருந்துதான் வரவேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

பேரனுடைய வேலைக்கு இப்போது வருகிறேன். அவன் ஒரு பலகையில் குறட்டை இறுக்கிக் கட்டி, அதன் வாயில் ஒரு சிறு முள்ளைக் கவ்வவைத்து, தையல் நூலாலும் சேவலின் கழுத்திறகாலும் ஈசல் கட்டிக்கொண்டிருந்தான். முன்னிரவு மழையில் தெருவிளக்கின் கீழே குவிந்து விழுந்த ஈசல்களுள் சிலவற்றைத் தீப்பெட்டியில் போட்டு மாதிரிக்காகப் பக்கத்தில் வைத்திருந்தான். சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்னால் ஏலியன் என்ற ரோமானிய ஆசிரியர், மாசிதோனிய நாட்டு அஸ்ட்ரேயஸ் நதிக்கரையில் மக்கள் சிவப்புக் கம்பளி நூலை முள்ளில் சுற்றி, மெழுகுநிறமான இரண்டு சேவல் இறகுகளைச் சேர்த்துக் கட்டி, ஈயென்று மீனை நம்பவைப்பதாக எழுதியிருப்பதை அவனுக்குச் சொன்னேன். பிற்காலத்தில் அந்தக் கலை வளர்ந்து, நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திலே கண்போல் மின்னுகிற மெழுகுப்புள்ளி இறகுகளைக் கப்பலேற்றிக்கொண்டு போகும் அளவுக்குப் பெரிய மோகமாயிற்று. அதனால் அந்தப் பறவைக்கு நேர்ந்த துன்பம் கொஞ்சமல்ல. அவலாஞ்சியில் 1907ஆம் ஆண்டில் ட்ரவுட் மீனுக்குப் பொரிப்பகம் அமைந்த பிறகு, நீலகிரி ஓடைகளிலும் பொய்ப்பூச்சிகள் பறந்தன. அந்தப் பரம்பரையில் இந்தக் குளத்தூர்ப் பிள்ளை, வீட்டுச் சேவலின் இறகோடு வந்து சேர்ந்திருக்கிறான் என்பதில் எனக்குண்டான ஆனந்தத்தை மறைக்க விரும்பவில்லை.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அவன் தன் ஈசலை நீரில் விட்டான். சுற்றிலும் நிஜ ஈசல்கள் மிதந்துகொண்டிருந்தன. கெண்டைகள் ஒவ்வொன்றாக அவற்றை உறிஞ்சின. அவனுடையதை மட்டும் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு விலகிப்போயின. பெரியவர் வெகுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தீப்பெட்டியைத் திறந்து ஒரு ஈசலைத் தம் உள்ளங்கையில் வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார்.

"அப்பு, இங்க பாரு. றெக்க எத்தனை?"

"நாலு, தாத்தா."

"நீ கட்டியிருக்கிறது ரெண்டு. அதும் நட்டுக்கிட்டு நிக்குது. தண்ணியில விழுந்தது எங்கடா நிமிந்து நிக்கும்? படுத்துக் கெடக்கும். ஒடம்பு பாதி முங்கியிருக்கும்."

நான்கும் ஒரே அளவாய், உடலைவிட நீண்டு, நனைந்த கண்ணாடித்தாள்போல் அவர் கையில் ஒட்டிக் கிடந்தன. பேரன் ஒன்றும் சொல்லவில்லை. தூண்டிலை இழுத்து, முள்ளைக் குறட்டில் கவ்வவைத்து, கட்டிய நூலை ஒவ்வொரு சுற்றாகப் பிரிக்கத் தொடங்கினான். வெளிச்சம் போதாமையால் நான் டார்ச் விளக்கைப் பிடித்தேன். பெரியவர் மடியிலிருந்த சேவலிறகுகளைக் கிளறி, நான்கு சமமான இறகுகளைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றாக அவனிடம் நீட்டினார்.