இல்லாத செவ்வாய்க்கிழமை

ஊர் திரும்பி ஒரு மாதம் ஆகிவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "எந்த ஊரு ரொம்பப் பிடிச்சிச்சு டீச்சர்?" கோயிலில், கிளினிக்கில், பாசார் மாலாமில் எங்கே போனாலும் இதே கேள்வி. நானும் ஆளுக்கு ஓர் ஊரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். காய்கறிக் கடை அண்ணனிடம் சான் பிரான்சிஸ்கோ என்றேன். பழைய தலைமையாசிரியரிடம் கேப் டவுன் என்றேன். இரண்டும் பொய்யில்லை. ஆனால் 110 நாள் கப்பலில் உலகத்தைச் சுற்றிவிட்டு வந்தவளிடம் கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. கேட்க வேண்டியதை என் அக்கா மகள்தான் கேட்டாள்.

பணி ஓய்வில் வந்த கிராஜுவிட்டிப் பணத்தில் பெரும்பகுதி இந்தப் பயணத்துக்குப் போனது. அதிலும் எனக்குக் கிடைத்தது ஜன்னல் இல்லாத உள்ளறைதான். தனியாகப் போகிறவர் ஒரு கட்டிலில் படுத்தாலும் கிட்டத்தட்ட இரண்டு பேருக்கான காசு கட்ட வேண்டும். "காச கொண்டுபோயி கடல்ல கொட்டுறா" என்று சொந்தத்தில் பேச்சு. அக்கா மட்டும்தான், "போடி. அப்பா வந்த கடல நீயாச்சும் நாற்காலி போட்டு உக்காந்து பாத்துட்டு வா" என்றாள்.

அப்பா 1951-இல் நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறியவர். அங்கே கப்பல் கரைக்கு வராது. தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும்; படகில் போய்த்தான் ஏற வேண்டும். 1926-இல் கட்டிய அந்தக் கப்பலுக்கு 5,000-க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றும் உரிமம் இருந்தது. தளப் பயணி என்றால் அறை கிடையாது, கட்டில் கிடையாது. பாயை விரித்த இடம்தான் வீடு. அதற்குச் சில ஆண்டுகள் முன்னால், 1922-இல், லகோனியா என்ற கப்பல் நியூயார்க்கிலிருந்து பணக்காரர்களை ஏற்றிக்கொண்டு உலகத்தைச் சுற்றக் கிளம்பியது. சுற்றுலாவுக்காக ஒரே கப்பலில் உலகம் சுற்றும் வழக்கம் அதிலிருந்துதான் தொடங்கியது என்பார்கள். ஒரே காலத்தில் இரண்டு விதமான கப்பல்கள். அப்பா ஏறியது ஒன்று, நான் ஏறியது அடுத்தது.

அப்பா போர்ட் சுவெட்டன்ஹாமில் மூட்டை தூக்கினார். அந்த இடம் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறிய பிறகும் தூக்கினார். ஊரில் பாட்டி இறந்த செய்தி அவருக்குக் கடிதத்தில் வந்தது. வந்து சேர்ந்தபோது பதினாறாம் நாள் காரியமே முடிந்திருந்தது. கடற்கரையில் உட்கார்ந்து மொட்டை அடித்துக்கொண்டார், மறுநாள் வேலைக்குப் போனார் என்று அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அப்போது பிறக்கவில்லை.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அவள் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்த்த சம்பளத்தில்தான் நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன். கடைசி நான்கு வருடம் அவளுக்கு டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. பதினொரு மணி ஷிஃப்ட், நான்கு மணி நேரம். இதெல்லாம் தெரிந்துதான் கிளம்பினேன். இதைச் சொல்லாமல் மேலே எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

ஜனவரி முதல் வாரம் சவுத்ஹாம்டனில் ஏறினேன். உலகக் கப்பல் பயணத்தில் ஊர்களைவிடக் கடல்தான் அதிகம் என்பது ஏறிய பிறகுதான் உறைக்கிறது. பாதி நாட்கள் கரையே இல்லை. காலையில் சொற்பொழிவு, மதியம் நடன வகுப்பு, இரவில் பாட்டு. என்னைச் சுற்றி எழுபது, எண்பது வயதுக்காரர்கள். தினமும் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவேன். அவள் ஊர்களைப் பற்றிக் கேட்டதே இல்லை. "இன்னிக்கு என்ன சாப்ட?" அதற்கடுத்து, "இத்தன பேரு சாப்புட்ட பாத்திரத்த யாருடி கழுவுறா?"

பனாமா கால்வாயில் ஒரு நாள் முழுக்க மேல்தளத்தில் நின்றேன். 1914-இல் திறந்தது. பழைய மடைகளில் மோட்டாரோ பம்போ இல்லாமல், மேலே இருக்கிற ஏரித் தண்ணீரே தானாக இறங்கி அறைகளை நிரப்ப, கப்பல் படிப்படியாக 26 மீட்டர் உயர்கிறது. ஏரியைக் கடந்ததும் அதேபோல் இறங்குகிறது. இதை உற்சாகமாக அக்காவுக்கு விளக்கினேன். பதில் வந்தது: "தண்ணிய ஏத்தி எறக்குறாங்களா? அட, எனக்குப் பண்றதுதானே. ஆனா ஒன் கப்பலுக்கு எவ்ளோ தண்ணி! எனக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தாண்டி." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் போனில் இருக்கிறது.

பாத்திரம் யார் கழுவுகிறார்கள் என்று விசாரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. என் அறையைச் சுத்தம் செய்தவர் ஜாவாக்காரர். என் மலாயும் அவருடைய இந்தோனேசிய மொழியும் ஒருவழியாகக் கைகோர்த்துக்கொண்டன. என்னை 'இபு' என்றுதான் கூப்பிடுவார். ஒப்பந்தம் எட்டு, ஒன்பது மாதம். வார விடுமுறை கிடையாது. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு என்று சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் விதி இருக்கிறது. அப்படியென்றால் மீதி 14 மணி நேரமும் வேலை வாங்கலாம் என்றுதானே அர்த்தம் என்று கணக்குப் போட்டேன். அவருடைய மகள் பிறந்ததும் அவர் கடலில் இருக்கும்போதுதான். இதை அக்காவுக்குச் சொன்னபோது அவள் வெகுநேரம் பதில் அனுப்பவில்லை. பிறகு, "அந்தப் பிள்ளைக்கு எதாவது குடுத்துட்டு வா" என்றாள்.

மேற்கு நோக்கிப் போகிற கப்பலில் சில நாட்களுக்கு ஒருமுறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அன்றைக்கு ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கம். எல்லாருக்கும் சந்தோஷம். பசிபிக் நடுவில் தேதிக்கோட்டைத் தாண்டும்போது சேர்த்து வைத்த அத்தனை மணி நேரத்துக்கும் கணக்குத் தீர்க்க வேண்டும். ஒரு முழு நாள் காணாமல் போகும். மகெல்லனோடு கிளம்பிய மாலுமிகளுக்கு இது தெரியாது. 1522-இல் மிஞ்சிய கப்பல் கேப் வெர்டி தீவை அடைந்தபோது அவர்கள் ஏட்டில் புதன்கிழமை, கரையில் வியாழக்கிழமை. எங்கே ஒரு நாளைத் தொலைத்தோம் என்று குழம்பிப்போனார்கள்.

எங்கள் கப்பல் ஹொனலுலுவை விட்டு ஆக்லாந்து நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பிப்ரவரி 17, திங்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் அக்கா மகன் கூப்பிட்டான். கிள்ளானில் அப்போது செவ்வாய்க்கிழமை காலை பத்து. டயாலிசிஸுக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டக் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம். "எல்லாம் முடிஞ்சிருச்சு சித்தி."

அன்று இரவு தேதிக்கோட்டைத் தாண்டினோம். காலையில் எழுந்தபோது அறைக் கதவில் செருகியிருந்த நிகழ்ச்சித் தாளில் புதன்கிழமை என்றிருந்தது. அக்கா செத்த செவ்வாய்க்கிழமை எங்கள் கப்பலுக்கு வரவே இல்லை.

ஜாவாக்காரர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். சொன்னேன். "துருட் பெர்டுக்கா சித்தா, இபு" என்று கையைக் கூப்பினார். அவர் அப்பா இறந்தபோதும் அவர் கப்பலில்தான் இருந்தாராம். "கப்பால் திடாக் பிசா புத்தார் பாலிக்" என்றார். கப்பல் திரும்பிப் போக முடியாது. கப்பல் என்ற சொல் நம்மிடமிருந்து மலாய்க்குப் போனது. அன்றைக்கு அது திரும்பி என்னிடம் வந்தபோது வேறு மாதிரி இருந்தது.

ஆக்லாந்தில் இறங்கி விமானம் பிடித்திருந்தால் பதினாறாம் நாளுக்கு வந்திருக்கலாம். இறங்கவில்லை. உடலை எடுத்தாகிவிட்டது, போய் என்ன செய்வது என்று சொல்லிக்கொண்டேன். சிட்னியிலும் இறங்கவில்லை. ஆனால் இந்தப் பயணத்தில் ஒன்றை நான் மறந்திருந்தேன், அல்லது மறந்ததுபோல் இருந்தேன். மார்ச் மாதம் கப்பல் என் ஊருக்கே வருகிறது.

இண்டா தீவுக் கப்பல் முனையத்தில் காலை எட்டு மணிக்குக் கட்டினார்கள். சகபயணிகள் பேருந்தில் பத்துமலைக்குப் போனார்கள். நான் கிராப் பிடித்து ஸ்ரீ அண்டலாஸுக்குப் போனேன். அக்கா படத்துக்கு மாலை போட்டிருந்தது. அக்கா மகள் சோறு போட்டாள். ரசமும் நெத்திலிச் சம்பலும். ஒன்றும் பேசவில்லை. நான் அழுதேன், அவள் அழவில்லை. அவள் ஒரு மாதமாக அழுது முடித்திருந்தாள். மூன்று மணிக்கு எழுந்தேன். ஐந்தரைக்குள் கப்பலில் இருக்க வேண்டும். "போறீங்களா?" என்றாள். "ம்" என்றேன்.

கப்பல் வாசலில் பையைச் சோதித்துவிட்டுக் காவலர் சிரித்தபடி, "வெல்கம் ஹோம், மேடம்" என்றார். ஒவ்வொரு துறைமுகத்திலும் ஏறும்போது எல்லாரிடமும் சொல்கிற வார்த்தைதான். கிள்ளானில் பிறந்தவளுக்குக் கிள்ளானில் வைத்துச் சொன்னார்கள்.

மேல்தளத்தில் நின்று பார்த்தேன். அப்பா தோளில் சுமந்ததையெல்லாம் இப்போது கிரேன்கள் பெட்டி பெட்டியாகத் தூக்குகின்றன. பிறகு மலாக்கா நீரிணை, வங்காள விரிகுடாவின் தெற்கு, கொழும்பு. அப்பா கிழக்கே வந்த கடலில் நான் மேற்கே போனேன். செங்கடலில் கப்பல்கள்மீது தாக்குதல் தொடங்கியதிலிருந்து பல கப்பல்கள் சுயஸ் வழியை விட்டுவிட்டன. எங்களுடையதும் மொரீஷியஸ், கேப் டவுன் என்று ஆப்பிரிக்காவைச் சுற்றியது. அந்த நாட்களில் தினமும் குரல் பதிவு போடும் நேரம் வந்ததும் போனை எடுப்பேன். வைத்துவிடுவேன். ஜாவாக்காரருக்கு அக்கா சொன்னபடி ஒரு கவர் கொடுத்தேன். யார் கொடுத்தது என்றும் சொன்னேன்.

மே தொடக்கத்தில் வீடு வந்து சேர்ந்தேன். இரண்டு நாள் கழித்து அக்கா மகள் வந்தாள். வாங்கி வந்த சாமான்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் எதையும் தொடாமல் கேட்டாள்: "சித்தி, அன்னிக்கு ஏன் திரும்பக் கப்பல் ஏறுனீங்க?"

பணம் கட்டியாகிவிட்டது என்றேன். பாதியில் இறங்கினால் திரும்பக் கிடைக்காது என்றேன். அம்மாதானே போகச் சொன்னாள் என்றும் சொன்னேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் உண்மையைச் சொன்னேன். "அங்க உங்கம்மா சாகலடா. அந்தச் செவ்வாக்கெழம கப்பல்ல இல்ல. எறங்குனா வந்துரும்னு பயமா இருந்துச்சு. அதோட, எனக்கு மிச்சத்தையும் பாக்கணும்னு ஆசையாவும் இருந்துச்சு." இரண்டாவதைச் சொல்ல முதலாவதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவள், "ம், அதச் சொல்லுங்க" என்றாள். அதற்குப் பிறகுதான் சாமான்களை எடுத்துப் பார்த்தாள்.

அப்பாவுக்குப் போக வழியில்லை. எனக்கு இருந்தது. கடிதம் தாமதமாக வந்த காலத்தில் தூரத்தைக் காரணமாகச் சொல்லலாம். நொடியில் செய்தி வரும் காலத்தில் நான் அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். உலகத்தைச் சுற்றிவிட்டு இதைத்தான் தெரிந்துகொண்டேனா என்றால், ஆமாம்.

அக்கா டயாலிசிஸுக்குப் போகும்போது அவள் மகன் காரில் எதிர்வீட்டு மாக் சிக்கும் சேர்ந்து போவாராம். அக்கா போனபிறகு அவர் டாக்சிக்குக் காத்து நிற்கிறார் என்று அக்கா மகள் சொன்னாள். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் பத்தேகாலுக்கு நான் காரை எடுத்துக்கொண்டு போகிறேன். முதல் நாள் மாக் சிக் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். எந்த ஊர் பிடித்தது என்று கேட்கவில்லை.

"கப்பலில் என்ன சாப்பாடு போட்டார்கள்?" என்று மலாயில் கேட்டார்.

டயாலிசிஸ் மையம் போய்ச் சேரும்வரை சொல்லிக்கொண்டே போனேன்.