பலகையின் கீழ் அமர்ந்த நாள்



இவ்வாரச் சிந்தனையை எழுதத் தொடங்கிப் பலமுறை நிறுத்தினேன். சபையில் பேசக் கூசும் காரியம் இது. ஆயினும் பேசாதிருந்ததால் நான் பட்டதை நீங்களும் படவேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு லெந்து காலத்தில் என் ஆணுறுப்பின் முன்தோல் சிவந்து அரிக்கத் தொடங்கியது. வியர்வையினால் வந்தது என்று எண்ணினேன். சில வாரங்களில் மெல்லிய வெடிப்புகள் தோன்றின. சிறுநீர் பட்டால் எரிந்தது. மருந்துக்கடையில் இடத்தைச் சொல்லாமல், அரிப்புக்கு ஒரு களிம்பு என்று மட்டும் கேட்டு வாங்கினேன். பூசினால் அடங்கும், நிறுத்தினால் முன்னிலும் மிகுதியாய்த் திரும்பும். ஐந்து மாதங்கள் இப்படியே கழிந்தன. ஜெபக்கூட்டத்தில் சரீர பெலவீனம் என்று மட்டும் சொன்னேன். என்னவென்று ஒருவரும் கேட்காதது எனக்கு ஆறுதலாகவே இருந்தது.

மருத்துவரிடம் போகத் தடுத்தது ஒரு பெயர்ப்பலகை. 'தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவர்' என்று அதில் எழுதியிருந்தது. நம் நாட்டில் இவ்விரண்டும் ஒரே துறை என்பதை அறிவேன். ஆனாலும் அப்பலகையின் கீழ் போதகர் அமர்ந்திருப்பதைக் கண்டால் சபையார் என்ன நினைப்பார்கள்? முடிவில் என் மனைவிதான் சொன்னாள்: "ஞாயிறுதோறும் பாவ அறிக்கை செய்யச் சொல்லுகிறீர்கள். ஒரு புண்ணைக் காட்ட உங்களுக்கு வெட்கமா?"

மருத்துவர் இரண்டு நிமிடம் பார்த்தார். "ஐயா, சர்க்கரை பார்த்தீர்களா?" என்பதே அவருடைய முதற்கேள்வி. வெறும் வயிற்றில் 218 இருந்தது. சிறுநீரில் கலந்து வரும் சர்க்கரை பூஞ்சைக்கு உணவாகிறது. சிலருக்கு நீரிழிவின் முதல் அறிகுறியே இதுதான் என்றார். நான் பூசிய களிம்பில் இருந்த ஸ்டீராய்டு, சிவப்பை மறைத்துப் பூஞ்சையை வளரவிட்டிருந்தது. சரியான மருந்தினாலும் சர்க்கரைக் கட்டுப்பாட்டினாலும் மூன்று வாரத்தில் ஆறியது.

அவர் எனக்கு விளக்கியதை உங்களுக்கும் சொல்லுகிறேன். மொட்டின் விளிம்பைச் சுற்றி வரிசையாய் இருக்கும் முத்துப் போன்ற சிறு புள்ளிகளும், இளமை முதல் உள்ள மஞ்சள் நிறப் பொட்டுகளும் தீங்கற்றவை. சிவப்போ அரிப்போ இரண்டு வாரத்தில் அடங்காவிட்டால் காட்டவேண்டும். புண், கொப்புளம், சீழ் தோன்றினால் உடனே செல்லவேண்டும். அதுவரை தாம்பத்திய உறவைத் தவிர்க்கவேண்டும். வலியில்லாத புண் என்று அசட்டையாய் இராதேயுங்கள். சிபிலிஸ் புண் சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். நோயோ உடலுக்குள் தங்கிவிடும். பென்சிலினால் அது குணமாகும். அப்போது மனைவிக்கும் பரிசோதனை வேண்டும். வெண்திட்டு, முன்தோல் இறுகிப் பின்னே செல்லாமை, கட்டி, இரத்தக் கசிவு, நிறமாற்றம் ஆகியவற்றில் சில புற்றுநோயின் தொடக்கமாகலாம். தொடக்கத்தில் கண்டால் குணமாக்கலாம். பின்னே சென்ற முன்தோல் திரும்பாமல் வீங்கினாலோ, காய்ச்சலும் கடும் வலியுமாகச் சிவப்பு பரவினாலோ, தோல் கறுத்தாலோ, விடியும்வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அன்று கூடத்தில் என் அருகே வெளியூர் முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் கையில் புற்றுநோய் மருத்துவமனைக்கான சீட்டு இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சிறு வெண்திட்டாய்த் தொடங்கியதாம். "யாரிடமும் சொல்லவில்லையா, பெரியவரே?" என்று கேட்டேன்.

"இதை யாருகிட்ட சாமி சொல்லுறது?" என்றார்.

அக்கேள்வி என்னை இன்னும் விடவில்லை. வீடு திரும்பி லேவியராகமம் 13-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். தோலில் தடிப்போ வெள்ளைப் படரோ கண்டவன் அதைத் தானே நிதானித்துக்கொள்ளும்படி நியாயப்பிரமாணம் விடவில்லை. ஆசாரியனிடம் கொண்டுவரச் சொல்லிற்று. சந்தேகமானால் அந்த ஆசாரியனும் ஏழு நாள் பொறுத்து மறுபடி பார்த்தே தீர்ப்புச் சொன்னான். நாமோ இருட்டில் ஒருமுறை பார்த்து, "ஒன்றுமில்லை" என்றோ "பாவத்தின் பலன்" என்றோ நாமே தீர்ப்பெழுதி மூடிவைக்கிறோம். எந்தச் சுகவீனமும் ஒருவருடைய ஒழுக்கத்துக்குச் சான்றிதழாகாது. தவறினால் வந்த நோயாயினும், மருந்தும் மன்னிப்பும் அவருக்கும் உண்டு.

சகோதரரே, மனைவியிடம் சொல்லுங்கள். முடியாவிட்டால் என்னிடம் வாருங்கள். என்ன நோய் என்று நான் கேட்கமாட்டேன். அந்தப் பலகையின் கீழ் உங்களோடு நானும் அமர்ந்திருப்பேன்.

நம்முடைய சரீரங்களை உருவாக்கின ஆண்டவரே, அவற்றில் எதையும் மறைத்து அழியவிடாதபடி எங்களுக்குத் தைரியம் தாரும். ஆமென்.